சட்டையில் குத்திய கொடி

உணவகத்தின் கதவு திறந்த சத்தம் கேட்டுப் பரிமாறிக்கொண்டிருந்த காரினா நிமிர்ந்தாள். வந்தவரைப் பார்த்ததுமே தலைவலி ஆரம்பித்துவிட்டது.

"உன் ஆளு வந்தாச்சு," என்று சமையலறை ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தான் சமையல்காரன் ஆர்வோ. "போ, கொடி ஏத்து."

எல்லாம் அந்தக் கொடியால் வந்த வினை. ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்தில் ஊரே பேசுவது ஃபின்னிஷ். சுவீடிஷ் பேசுகிற கொஞ்சம் பேருக்கும் ஃபின்னிஷ் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும், பள்ளிக்கூடத்தில் சுவீடிஷில் நல்ல மார்க் வாங்கிய பாவத்துக்காக, 'இவளிடம் சுவீடிஷில் பேசலாம்' என்பதற்கு அடையாளமாகக் காரினாவின் சட்டையில் நீலமும் மஞ்சளுமாய் ஒரு சுவீடன் கொடி பேட்ஜைக் குத்திவிட்டார் முதலாளி. அது முப்பது வருஷத்துக்கு முந்தைய மார்க் என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அந்தக் கொடியைப் பார்த்துத்தான் இந்தப் பெரியவர் மூன்று வாரமாக வருகிறார். அதுவும் வியாழக்கிழமை, மதியக் கூட்டம் முட்டி மோதும் நேரம். வேறு யாராவது பக்கத்தில் போனால் கையைக் காட்டியே அனுப்பிவிடுவார். காரினாதான் வேண்டும்.

"சால்மன் சூப்," என்பார் சுவீடிஷில். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். பெரிய வீட்டு மனுஷர், வார்த்தையைக்கூட அளந்துதான் விடுவார் என்று காரினா நினைத்துக்கொள்வாள்.

ஆனால் அவள் மட்டும் முழுசாகப் பேச வேண்டும். ஃபின்னிஷில் வாயெடுத்தால் பேட்ஜைச் சுட்டிக்காட்டுவார். சூடு போதுமா, ரொட்டியில் வெண்ணெய் தடவட்டுமா, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று ஒவ்வொன்றையும் அவள் முக்கி முனகிக் கேட்க வேண்டும். கேட்டாலும் விடமாட்டார். "இன்னொரு தரம்" என்பார். அதற்குள் நாலு மேஜைக்காரர்கள் முறைப்பார்கள்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் கேட்டு முடித்ததும் ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதுவார் பாருங்கள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தன் தப்பையெல்லாம் குறித்துவைத்து முதலாளியிடம் நீட்டப்போகிறார், வேலைக்கு உலை வைக்கப்போகிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இன்றைக்கு ஒரு முடிவோடு பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். மேஜைக்குப் போய், "என்ன வேணும்?" என்றாள், அப்பட்டமான ஃபின்னிஷில்.

பெரியவர் அவள் சட்டையைப் பார்த்தார். கொடி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. எடுத்து, "ம்... இன்னிக்கும் முகத்தைத் திருப்பிக்கிட்டாளா? சரி, தட்டை எடுத்துடாதீங்க, மூடி வையுங்க. நான் அரை மணியில வந்துர்றேன்," என்றார்.

துர்க்குக்காரனின் பச்சை ஃபின்னிஷ்.

காரினாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "இவ்வளவு நல்லா ஃபின்னிஷ் பேசறீங்க. அப்புறம் எதுக்கு சார் மூணு வாரமா என் உயிரை வாங்கறீங்க? புகார் எழுதணும்னா எழுதிக்கோங்க. என் எதிர்லயே எழுதுங்க."

பக்கத்து மேஜைகளில் ஸ்பூன் சத்தம் நின்றது. பெரியவர் நோட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

காரினா வெடுக்கென்று பிரித்தாள். புகார் ஒன்றும் இல்லை. அவள் கேட்ட கேள்விகள்தான் வரிசையாக இருந்தன. சுவீடிஷ் கேள்விகள், ஆனால் ஃபின்னிஷ்காரர் காதில் விழுந்தபடியே எழுதியவை. சூடு போதுமா. வெண்ணெய் தடவட்டுமா. இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா. சில வரிகளுக்கு எதிரே சின்னதாய் ஒரு டிக்.

"டிக் போட்டதெல்லாம் அவளுக்குப் புரிஞ்சது," என்றார் பெரியவர். "என் சம்சாரம், குன்வோர். சுவீடிஷ் வீட்டுப் பொண்ணு. நாப்பத்தாறு வருஷம் எனக்காக ஃபின்னிஷ்லயே பேசினா. நான் அவ பாஷையில ஒரு வார்த்தைகூடக் கத்துக்கலை. இப்போ மறதி வியாதி. ஃபின்னிஷ் சுத்தமா போயிடுச்சும்மா. நான் பேசினா யாரோன்னு பார்க்கறா. முதியோர் இல்லத்துல யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கறதில்லை. அவ பாஷையில கேட்டா மட்டும் நாலு வாய் வாங்கிக்கறா."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ பாவம் பார்த்து நிறுத்தி நிதானமா பேசுவே. சாப்பாட்டு மேஜையில சாதாரணமா கேக்கற மாதிரி இருந்தாத்தானே அவ வாய் திறப்பா. வகுப்புக்கும் போனேன். பேர் என்ன, ஊர் என்னன்னு கேக்கத்தான் சொல்லித்தராங்க. ஊட்டிவிட யாரும் சொல்லித்தரலை."

சமையலறையில் ஆர்வோ மணியை அடித்துக்கொண்டே இருந்தான். காரினா பையிலிருந்து பேட்ஜை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு என்ன எழுதணும்?"

பெரியவர் பேனாவைத் திறந்தார்.

"அதட்டற மாதிரி இல்லாம, 'வாயைத் திற'ன்னு எப்படிம்மா சொல்றது?"