கீ மட்டும் வருது

கேண்டிடேட் பதினேழு ஏமாற்றுகிறான் என்றே ஷண்முகப்ரியாவுக்குத் தோன்றியது. திரையில் கர்சர் வெகுநேரமாக அசையவில்லை. யாரிடமாவது விடை கேட்கப் போய்விட்டானோ?

ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்காக, திருவான்மியூர் வீட்டு ஹாலில் உட்கார்ந்தே அவள் ஆன்லைனில் புரோகிராமிங் தேர்வு நடத்துகிறாள். பாரபட்சம் வரக்கூடாது என்பதால் இரு தரப்புக்கும் பெயர், முகம், குரல் எதுவும் தெரியாது. எண்ணும், தட்டச்சில் பேசும் சாட்டும் மட்டும்தான்.

வாசல் மணி அடித்தது. அறைக்கதவைத் திறந்துகொண்டு கணவன் நிரஞ்சன் ஓடி வந்தான்.

"மீட்டிங் நடுவுலதான் வருவானுங்க இந்த கொரியர்காரனுங்க!" பார்சலை மேஜையில் போட்டான்.

"ஏங்க, காலைல உப்புமா தீஞ்சு போச்சோ?"

"சேச்சே, சூப்பர்மா!"

அறைக்கதவு மறுபடி மூடிக்கொண்டது. அவள் திரைக்குத் திரும்பினாள். நகத்தைக் கடித்தபடி காத்திருந்தாள்.

கேள்வி எளிதுதான். ஒரு டிக்‌ஷனரி எழுத வேண்டும். தலைப்பு மாதிரி ஒரு கீ, அதன் எதிரே அதற்கான விவரம், அதாவது வேல்யூ. பிறகு லூப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாவற்றையும் வெப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

ஒருவழியாகக் கர்சர் அசைந்தது. மளமளவென்று வரிகள் விழுந்தன. பக்கத்தில் மூன்றே சொற்கள் வந்தன: டிபன், ருசி, சொன்னது.

"கீ மட்டும் வருது. வேல்யூ எங்க?" என்று தட்டினாள்.

"சாரி சார், டென்ஷன்ல லூப்பைத் தப்பா போட்டுட்டேன். ஒரு நிமிஷம் குடுங்க. இந்த வேலை கிடைச்சே ஆகணும் சார்."

"ஏன் அவ்வளவு அவசரம்?"



"இருந்த வேலை போய் மாசக்கணக்காச்சு. வீட்ல இன்னும் சொல்லல. வொய்ஃப் பயந்துடுவா."

பாவம் அந்தப் பெண், என்று நினைத்துக்கொண்டாள்.

பதினேழு லூப்பைத் திருத்தினான். பக்கம் புதிதாக விரிந்தது.

டிபன்: சேமியா உப்புமா
ருசி: தீஞ்சது
சொன்னது: சூப்பர்மா

"இப்ப சரியா வருதா சார்?"

பாஸா, ஃபெயிலா என்று கேட்டு ஒரு கட்டம் மினுங்கியது. அவள் அதைத் தொடவில்லை. எழுந்து போய், மூடியிருந்த அறைக்கதவை மெல்லத் தட்டினாள்.

"சார் இல்லைங்க, நான்தான். கதவைத் திறங்க."