காத்து ஏறட்டும் சார்!

"என்னப்பா, முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல?"

ராணுவ லாரியின் பின்பக்க இடது சக்கரம் சேற்றில் விர்ரென்று சுற்றியது. வலது சக்கரம் கெட்டித் தரையில் அசையாமல் நின்றது.

"மாட்டிக்கிச்சு சார்" என்றார் டிரைவர், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

மாட்டிக்கொள்ளவில்லை, மாட்டிவைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் முகாமின் ஸ்டோரைத் திடீர்ச் சோதனை போட வந்த அதிகாரி. ஸ்டேஷனில் லாரி ஏறும்போதே விஷயத்தை உளறிவிட்டார். ஸ்டோர் கீப்பரோ டிரைவரின் தங்கை புருஷன். அந்தப் புண்ணியவான் புது ராணுவ டயர்களை எங்கேயோ கடத்தி வைத்திருந்தார்.

டிரைவர் ரகசியமாகப் போன் போட்டதும், "கொஞ்ச நேரம் இழுத்தடி மச்சான், டயரைக் கொண்டாந்து அடுக்கிடறேன். வேலை போச்சுன்னா நாங்க எல்லாரும் உன் வீட்டுக்குத்தான் வரணும்" என்று ஸ்டோர் கீப்பர் அழுதார்.

தங்கை வந்தால் பரவாயில்லை. கூடவே அவள் புருஷனும் வருவாரே என்பதுதான் டிரைவரின் கவலை.

"ஒரு சக்கரம் சும்மாதானே நிக்குது? அது தள்ளக் கூடாதா?" என்றார் அதிகாரி.

"ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தோட குணம் அப்படி சார். வளைவுல வெளிச்சக்கரம் அதிக தூரம் போகணும், உள்சக்கரம் கம்மியாப் போகணும். அதனால ரெண்டையும் அதது வேகத்துல சுத்த விடும். சேத்துல அதுவே வினை. எது லேசாச் சுத்துதோ அதையே சுத்த விட்டுடும். அண்ணன் தம்பி மாதிரி சார். ஒருத்தன் ஊர் சுத்துவான், இன்னொருத்தன் காலை நீட்டி உக்காந்திருப்பான். குடும்பம் நகராது."

"எங்க ஆபீஸ் ஜீப் தானாவே சமாளிக்குதே?"

"அது லிமிடெட் ஸ்லிப் சார். உள்ளே இருக்கற தகடுங்க ஒண்ணோட ஒண்ணு உரசி, ஊர் சுத்துறவனைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். அடுத்தவனுக்கும் கொஞ்சம் வேலை போகும். இவ்வளவு சேத்துக்கு அது பத்தாது. இதுல இருக்கறது லாக். போட்டா ரெண்டு பேரையும் இடுப்போட சேர்த்துக் கட்டின மாதிரி, ஒண்ணாத்தான் சுத்தியாகணும்."

"அப்போ போடேன்!"

"காத்துல வேலை செய்யுற லாக் சார். காத்து ஏறணும்."

காற்றழுத்தம் காட்டும் முள் எப்போதோ உச்சிக்குப் போயிருந்தது. அது அதிகாரி கண்ணில் படாதபடி டிரைவர் தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் மாட்டினார்.

"அப்படியா? சரி, காத்து ஏறட்டும்" என்று அதிகாரி சீட்டில் சாய்ந்துகொண்டார். இவ்வளவு பெரிய ஆள் காதில் இவ்வளவு சுலபமாகப் பூச்சுற்ற முடிகிறதே என்று டிரைவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருவழியாக டிரைவரின் போன் ஒருமுறை அடித்து நின்றது. தங்கை புருஷனின் நம்பர். அப்பாடா, டயர் எல்லாம் ஸ்டோருக்கு வந்துவிட்டது!

"காத்து ஏறிடுச்சு சார்!"

லாக் சுவிட்சைத் தட்டினார். சும்மா நின்ற சக்கரமும் சேர்ந்து தள்ள, லாரி முனகிக்கொண்டே மேலேறித் தார்ச்சாலைக்கு வந்தது. டிரைவர் சந்தோஷமாக ஸ்டியரிங்கை வளைக்கப் போனார்.

"லாக்கை எடுத்துட்டுத் திருப்புப்பா" என்றார் அதிகாரி. "தார் ரோட்டுல அப்படியே வளைச்சா ஆக்சில் முறிஞ்சிடும்."

டிரைவர் பிரேக்கை மிதித்தார். "சாருக்கு... லாக் பத்தி..."

"பாதி சர்வீஸ் லாரி ஒர்க்‌ஷாப்லதான் போச்சு. நீ நல்லாத்தான் பாடம் எடுத்த." அதிகாரி முள்ளை மறைத்திருந்த தொப்பியை எடுத்து டிரைவர் தலையிலேயே வைத்தார். "டயர் காணோம்னு எங்களுக்குத் தெரியும். எங்க ஒளிச்சிருக்கான்னுதான் தெரியல. நீ தகவல் சொன்னா அவன் எடுக்க ஓடுவான், பின்னாலயே என் ஆளுங்க போவாங்கன்னுதான் உன் காதுல விழற மாதிரி சோதனைன்னு சொன்னேன். பிடிச்சதும் அவன் போன்லருந்து உனக்கு ஒரு ரிங் கொடுக்கவும் சொல்லியிருந்தேன். இல்லன்னா நீ சாயங்காலம் வரைக்கும் காத்து ஏத்திட்டே இருப்பியே!"