பல்லுக்குள்ளால் போன ரெயில்

காகத்தின் பல்லுக்குள்ளால் ரெயில் போய்க்கொண்டிருந்தது.

தேனுஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். சந்தேகமே இல்லை. கணினித் திரையில் காகம் சொண்டைப் பிளந்து சிரித்தது. ஆறு பல்லும் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளவத்தைக் கடலும் கரையோர ரெயிலின் மூன்று ஜன்னல்களும் தெரிந்தன.

"உஷா, இஞ்ச ஒருக்கா வாரும். பல்லைக் காணேல்லை."

சமையலறையிலிருந்து வந்த உஷாந்தி கணவனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "காகத்துக்கு என்னத்துக்கப்பா பல்லு?"

"பல்லு இல்லாட்டி இந்தப் படமே தேவையில்லை."

"அப்ப வேற ஏதும் கீறியிருக்கலாமே. ஒரு முயல் கியல்..."

"முயல் எனக்கு வராது. காகமெண்டா சுத்திவர ஒரு கோடு, பிறகு கறுப்பு வாளியால ஒரே ஊத்து. கறுப்பிலதான் வெள்ளை பளிச்செண்டு தெரியும்."

படம் கீறுவது அவனுக்கு இந்தக் கிழமைதான் அறிமுகம். கணினியோடு சும்மா வந்த, நிறம் ஊற்ற வாளிப் பொத்தான் ஒன்று உள்ள பெயின்ற்தான் அவனுடைய மென்பொருள். நாளைக் காலை புது இடத்தில் பால் காய்ச்ச வேண்டும். வாசல் பலகையில் இந்தக் காகம்தான் நிற்கப்போகிறது. கரியப்பர் என்று பெயரும் வைத்தாயிற்று.

தொலைபேசி அடித்தது. பெயர்ப்பலகை அச்சடிக்கும் அர்ஷாத்.

"சேர், நாலு மணிக்குள்ள படம் வரல்லாட்டி நான் அந்த ரெடிமேட் படத்தையே அடிச்சிருவன். பொறகு என்னைய ஏசப்படாது."

ரெடிமேட் படம் என்பது வாயெல்லாம் சிரிப்பாக ஒரு பெண். அதே பெண் அதே சிரிப்போடு ரோட்டுக்கு அங்கால், போட்டிக்காரரின் பலகையிலும் தொங்குகிறாள். இவனுடைய இடத்தைத் தேடி வருகிற சனம் அங்கே போய் ஏறிவிடும்.

கோளாறு எங்கே தொடங்கியது என்று அவனுக்குத் தெரியும். வெள்ளைத் தாளில் கீறிய காகத்தை வெட்டிக் கடற்கரைப் புகைப்படத்தில் ஒட்டினான். தாளின் வெள்ளையும் சதுரமாகக் கூடவே வந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியதுபோல நின்றது காகம். அங்கே இங்கே கிண்டியதில், பின்னணியை விட்டுவிட்டு ஒட்டும் வசதி ஒன்று அகப்பட்டது. அதை அமுக்கினான். சதுரம் மறைந்தது. பல்லும் மறைந்தது.

பல்லுக்கு இன்னொரு தடவை வெள்ளை ஊற்றி ஒட்டினான். ரெயில் வந்தது. மறுபடி ஊற்றினான். மறுபடியும் ரெயில்தான்.

ஒட்டிய பிறகு கடலுக்கு மேலேயே ஊற்றினால்? வாளி ஒரு நிறம் எதுவரை இருக்கிறதோ அதுவரைதான் நிரப்பும். புகைப்படக் கடலிலோ பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள்கூட வேறு வேறு நீலம். ஊற்றிய வெள்ளை கடுகளவு இடத்தோடு நின்றுவிட்டது.

தூரிகையால் பூசிப் பார்த்தான். வேலையில் மயிரிழை பிசகாத கை, மவுஸைப் பிடித்ததும் கோணலாக ஓடியது. ஒரு பல் சொண்டைத் தாண்டி வளர்ந்தது. பக்கத்துப் பல் பாதியில் நின்றது.

"இப்பிடிப் பல்லோட என்ர பேரை வெளியில போட ஏலாது," என்று எல்லாவற்றையும் அழித்தான்.

உஷாந்தி பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எது தாள், எது காகம் எண்டு இதுக்கு எப்பிடித் தெரியுது?"

"தாளும் தெரியாது, காகமும் தெரியாது. சுத்த வெள்ளையா இருக்கிறதெல்லாத்தையும் தாளெண்டு நினைச்சு எடுத்துப்போடும்."

"பாவம், சொன்னதைத்தானே செய்யுது," என்றாள் அவள்.

மறுபடி தொலைபேசி. இந்தத் தடவை கீழ்மாடிப் பொன்னம்பலம். தேனுஜன் எழுந்து பால்கனிப் பக்கம் போனான்.

"ஓம் அங்கிள்... இண்டைக்குச் சூடா ஒண்டும் குடியாதேங்கோ. ஐஸ்கிரீம் எண்டாச் சாப்பிடலாம். ஓம், ரெண்டு கப்பும் சாப்பிடலாம். அன்ரியிட்ட குடுங்கோ, நானே சொல்லுறன்."

அன்ரி இலேசில் நம்பவில்லை. அவன் திரும்பி வந்தபோது நாலு மணிக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. அர்ஷாத்துக்கு எடுத்து, அந்தப் பெண்ணையே அடிக்கச் சொல்லலாம் என்று நினைத்தபடி திரையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

ரெயிலின் நடு ஜன்னலை மறைத்துக்கொண்டு கரியப்பரின் வாயில் ஒரு பல் நின்றது. ஒரே ஒரு பல். கறுப்பு முகத்தில் பளிச்சென்று மின்னியது. மற்ற ஐந்திலும் கடலும் ரெயிலும்.

"உஷா! நானும் வெள்ளைதானே ஊத்தினனான். இந்தப் பல்லு மட்டும் எப்பிடி வெள்ளையா நிக்குது?"

"அது வெள்ளை இல்லையப்பா."

"விசர்க் கதை கதையாதையும். எனக்குத் தெரியாத வெள்ளையோ?"

உஷாந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு மவுஸை அவன் பக்கம் தள்ளினாள்.

"பல்லு வெள்ளையாக்கிற டொக்டர் ஐயா, மிச்சப் பல்லுகளையும் கொஞ்சம் மஞ்சளாக்குங்கோ!"