வெள்ளி இலை

ராயப்பன்பட்டி பங்கிராசுக்குச் சோறு இறங்கவில்லை. மதுரையிலிருந்து வந்த கேமராக்காரர், மச்சினன் மிக்கேலின் திராட்சைத் தோட்டத்தில் ஓர் இலையைப் படம் எடுத்திருந்தார்.

மறுநாள் அவரை வழிமறித்தார் பங்கிராஸ். “என் திராட்சைப் பந்தலையும் எடுங்க சார்.”

கேமராக்காரர் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். “இங்க எடுக்க ஒண்ணுமே இல்லையே?”

“அவன் இலையில மட்டும் தங்கமா வடியுது? நல்லாத் தேடுங்க சார்!”

மூலையில் ஓர் இலை கிடைத்தது. கேமராக்காரர் முகம் மலர்ந்தது. காலை வெயில் படும்படி திருப்பி எடுத்தார்.

“கறுப்பு வெள்ளைதான். பிரிண்ட் போடுறப்போ பின்னாடி இருட்டாக்கிட்டா, இலை வெள்ளி மாதிரி மின்னும்.”

“மிக்கேலோடதை விடவா?”

“அது இதுக்குப் பக்கத்துல நிக்காது!”

கேமராக்காரருக்கு அன்று பங்கிராஸ் வீட்டில் கோழிக்குழம்பு.

அடுத்த மாதம் அந்தப் படங்களோடு புத்தகம் வந்தது. மிக்கேலின் இலை உள்ளே, தபால்தலை அளவில். பங்கிராசின் இலை அட்டை முழுக்க மின்னியது.

அதன் கீழே: ‘திராட்சையில் முற்றிய சாம்பல் நோய். இலை உதவி: பங்கிராஸ், ராயப்பன்பட்டி.’