படத்தில் மட்டும் இருந்த படகு

கசாக்குகளின் அந்த ஏரிக்கரையில், மருமகளாக வந்தவள் கணவன் பெயரையும் அவன் வீட்டார் பெயரையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகவே சதா சீட்டியடிக்கும் கொழுந்தனை ஷோல்பான் ‘சீட்டிக்காரரே’ என்றுதான் அழைப்பாள். சென்ற இலையுதிர்காலத்தில் அவள் கணவன் பனிமூட்டத்தில் படகோடு காணாமற்போனபோது, ஊரே அவன் பெயரைக் கூவித் தேடியது. அவள் மட்டும் கரையில் நின்று தகரத்தைத் தட்டினாள்.

நாளை அவனுக்கு ஆண்டு நினைவு விருந்து. விருந்துக்கென்று குதிரையை அறுத்துவிட்டால், ஊர்க்கணக்கில் அவன் செத்தவன்தான்.

கொழுந்தன் துடுப்புப் போட, விடியற்காலைப் பனிக்குள் அன்னங்களைப் படமெடுத்த ஷோல்பான் கேமராத் திரையைப் பார்த்தாள். அன்னங்களுக்குப் பின்னால் ஒரு படகு இருந்தது. நேற்றைய படத்தில் அது தொலைவில், நாணலோரம் இருந்தது; இன்று நெருங்கி வந்திருந்தது. அதிலிருந்தவன் நரித்தோல் குல்லாயின் ஒரு காதுமடலை மட்டும் தூக்கிக் கட்டியிருந்தான். நிமிர்ந்து பார்த்தால், ஏரியில் அன்னங்கள் மட்டுமே மிதந்தன.

“அண்ணன்தான் அப்படிக் கட்டுவாரு. வேணாம் அண்ணி, திரும்பிடலாம். நாங்க கூப்பிடாத கூப்பாடா?”

“நீங்கல்லாம் கூப்பிட்டீங்க, சீட்டிக்காரரே. நான் கூப்பிடலையே.”

“ஐயோ, அம்மா காதுல விழுந்தா தொலைச்சிடுவாங்க!”

“விழட்டும். அந்தக் குதிரையாவது என்னை வாழ்த்தும்.”

அவள் மறுபடி ஒரு படம் எடுத்தாள். அதில் படகு விலகத் தொடங்கியிருந்தது. அவன் முதுகுதான் தெரிந்தது. ஷோல்பான் எழுந்து நின்றாள்.

“ஸெரிக்!”

அன்னங்கள் அத்தனையும் ஒன்றாக மேலெழுந்தன. கையிலிருந்த திரையில், எடுத்து முடித்த அதே படத்துக்குள், அவன் முகம் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஸெரிக்!” கரை முழுதும் கேட்க, அவள் இன்னும் உரக்கக் கூவினாள்.