ஏழாம் பாத்தி

அந்த மூலிகைப் பண்ணையில் ஒவ்வொரு பாத்திக்கும் நகரத்தில் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டின் கழிவுநீர்தான் சுத்தமாகி வந்து பாயும். எவ்வளவு சுத்தம் செய்தாலும், வீட்டார் விழுங்கிய மாத்திரை கொஞ்சம் இலையில் ஏறிவிடும்.

ஏழாம் பாத்தி ஆடாதோடையில் எப்போதும் இதய மாத்திரை. விலைபோகாத அந்தப் பாத்தியை, அங்கே வேலை செய்யும் மரியபுஷ்பம் தன் பொறுப்பில் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குத் தண்ணீர் வருவது, அவளுடைய அக்கா தனியாக இருக்கும் வீட்டிலிருந்து. பேச்சு நின்று பதினோரு வருடம். தினமும் காலையில் இலையைச் சோதனைக் கருவியில் வைப்பாள். மாத்திரை தெரிந்தால், அக்கா இருக்கிறாள் என்று அடுத்த பாத்திக்கு நகர்வாள்.

இன்று அவளுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டு, மேற்பார்வையாளர் தனசிங் சிரித்துக்கொண்டே வந்தார். "ஏழாவது சுத்தமாயிடுச்சும்மா. மாத்திரையே இல்ல. பறிச்சிடலாம்."

"தண்ணி இலைக்கு ஏற மூணு நாளாகும்ல சார்?"

"ஆமா. அதுக்கென்ன?"

அக்காவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

மூன்று நாளாகவே ஏழாம் பாத்தி தளும்பி வழிகிறது. வால்வுக் கோளாறு என்று நினைத்து, அவளும் வரப்பை வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் யாரும் மூடாத ஒரு குழாய், இப்போதும் அவள் காலை நனைத்துக்கொண்டிருந்தது.