ஒற்றை முள்

கம்ஷாத் தேநீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "மூணாவதைக் கேட்க வந்திருக்கேன், மாமா," என்றாள்.

பக்கத்து வீட்டு சார்சென் மெல்வதை நிறுத்தினான்.

அக்கா பிள்ளை தாய்மாமன் வீட்டில் மூன்று முறை கேட்கலாம். எதைக் கேட்டாலும் மாமன் மறுக்கக் கூடாது. இலி ஆற்றங்கரையில் இன்றும் அப்படித்தான்.

ஏழு வயதில் ஒரு குதிரைக்குட்டியைக் கேட்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் தையல் மெஷினைக் கேட்டாள். கொடுத்தேன். மூன்றாவதை முப்பத்து மூன்று வயது வரை வைத்திருந்தாள்.

எனக்கென்று இருப்பது ஒரு படகு. அல்மாட்டி நகரத்திலிருந்து தூண்டில் போட வருகிறவர்களை அதில் ஏற்றிப் போவதுதான் பிழைப்பு.

"படகுதான்," என்றான் சார்சென். அவனுக்கு ஒரே குஷி. "மோட்டாரையாவது கழட்டி ஒளிச்சு வைங்கண்ணே."

என் கிண்ணத்திலிருந்து தேநீர் விரிப்பில் சிந்தியது. எனக்கு வலது கை நடுங்கும். பல வருடமாக.

"எந்த அக்கா பிள்ளையை அடிச்சீங்கண்ணே?"

அக்கா பிள்ளையை அடித்தவனுக்குக் கை நடுங்கும் என்று இங்கே ஒரு நம்பிக்கை. கை நடுங்குகிற யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் கேலி செய்வார்கள். சார்சென் தினமும் கேட்பான். நான் தினமும் சிரிப்பேன். அன்றும் சிரித்தேன்.

கம்ஷாத் சிரிக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது பக்கம் இருப்பதைப் பார்க்க அவள் முகத்தை முழுவதுமாகத் திருப்ப வேண்டும். இடது கண் கண்ணாடியால் செய்தது. பதினோரு வயதில் என்னோடு படகில் வந்தபோது நாணல் குத்திவிட்டது. ஊருக்கே தெரிந்த கதை.

சுவரில் தொங்கிய கம்பளத்தைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். ஜன்னல் வழியே, கரையில் கட்டியிருந்த படகை நெடுநேரம் பார்த்தாள்.

நானும் அதையே பார்த்தேன்.

அவள் கை கதவோரம் இருந்த தூண்டில் பெட்டியைக் காட்டியது.

"அதுல இருக்கிற மும்முள் எல்லாம் எனக்கு."

"முள்ளா?" சார்சென் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரு ஆட்டைக் கேட்டிருக்கக் கூடாதா? எனக்கும் ரெண்டு துண்டு கிடைச்சிருக்குமே!"

எனக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு, எதற்கு என்ற கேள்வியும் வந்தது.

மும்முள் என்பது ஒரே தண்டில் மூன்று கொக்கி. இரைக்குப் பதிலாக நூலில் கட்டும் போலிமீன்கள்தான் பெட்டி நிறைய. ஒவ்வொன்றுக்கும் வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று. எங்கே கவ்வினாலும் மீன் மாட்டும். அல்மாட்டிக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

கம்ஷாத் பையிலிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்களை எடுத்து வைத்தாள். எல்லாம் ஒற்றை முள். குறடும் கொண்டு வந்திருந்தாள்.

"ஒத்தை முள்ளுல மீன் நிக்காதும்மா."

"நிக்கிறது நிக்கட்டும். நிக்காதது முழு முகத்தோட போகட்டும்."

தரையில் உட்கார்ந்து, முள் தொங்கும் வளையத்தைப் பிரித்து மும்முள்ளைக் கழற்றி, ஒற்றை முள்ளை மாட்டினாள். கழற்றியதைத் தகர டப்பாவில் போட்டாள். வளையத்தைப் பிரிக்க என் கை உதவாது. பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொன்றுக்கும் கேட்டாள்.

"இது எந்த வருஷம் வாங்கினது?"

"போன வருஷம்."

"இது?"

"அஞ்சாறு வருஷம் இருக்கும்."

வலது கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முள்ளை மாற்றினாள். அடுத்ததை எடுத்தாள். பதினைந்தாவதோ பதினாறாவதோ எடுக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. எதையோ தேடுகிறாள்.

பெட்டியின் அடியில் துணியில் சுற்றிய ஒன்று இருந்தது. பிரித்தாள். பழைய பித்தளைத் தகடு, ஒரு கரண்டி நீளம்; அதுவும் போலிமீன்தான். வால் பக்கம் வளையம் மட்டும் இருந்தது.

"இதுல முள்ளே இல்லையே, மாமா."

"கழட்டிட்டேன்."

"எப்போ?"

"ராசியில்லாத சாமானா இருக்கும், விடும்மா," என்றான் சார்சென்.

அவள் விடவில்லை. தகட்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். பெரிய ஒற்றை முள்ளாகத் தேடி எடுத்து அதில் மாட்டினாள். டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்னிக்குப் போன இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

சார்சென் தானும் வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள்.

மோட்டார் சத்தத்தில் பேச வேண்டியிருக்கவில்லை. வளைவைத் தாண்டி, ஆறு அகலமாகும் இடத்தில் அணைத்தேன். படகு மெல்லச் சுழன்றது.

கம்ஷாத் முகத்தைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் பார்த்தாள். தண்ணீர். அதற்கப்பால் மணல். அதற்கப்பால் மணல்மேடு.

"இங்கே நாணலே இல்லையே, மாமா."

கோபம் இல்லை. எந்த வருஷம் வாங்கினது என்று கேட்ட அதே குரல்.

இருபத்திரண்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல நான்கு வார்த்தை கூடத் தேவைப்படவில்லை.

"அன்னிக்கும் இல்லை," என்றேன்.

தலையாட்டினாள். பித்தளைத் தகட்டை நூலில் கட்டி, தூண்டில் கோலை என் கையில் கொடுத்தாள். பிறகு படகின் பின்புறம் போய், எனக்குப் பின்னால் இருந்த பலகையில் உட்கார்ந்தாள். பதினோரு வயதில் உட்கார்ந்திருந்த அதே பலகை.

"வீசுங்க."

கோலைத் தூக்கினேன். நுனி நடுங்கியது.

இம்முறை, பின்னால் ஓங்கி வீசும் முன் திரும்பிப் பார்த்தேன்.